லிண்டன் பூக் கஷாயம்

மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் ஆள் நான். நேற்று என்னைக் கூட்டிவர இத்தனை காவலர்களை அனுப்பியிருக்க வேண்டாம், நீதிபதி ஐயா. ஒருவரை அனுப்பி, கையில் ஒரு குடையும் கொடுத்திருந்தால் நனையாமல் வந்து சேர்ந்திருப்பேன். தெருவில் சன்னலுக்குச் சன்னல் தலைகள். கறிக்கடைக்காரி என்னைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போன வருடம் வரை வெறும் கொழுப்பைக் காகிதத்தில் சுற்றி என் தலையில் கட்டிய பெண்மணி அவள்.

உங்கள் எழுத்தர் நான் நேற்று சொன்னதை ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். ஒரு திருத்தம் மட்டும். ‘பகையின் காரணமாக’ என்று ஓரிடத்தில் இருக்கிறது. அதை அடித்துவிடச் சொல்லுங்கள். எனக்கும் கிளோடியுஸ் பெராஷோனுக்கும் ஒரு நாளும் பகை கிடையாது. இந்த லியோன் நகரத்தில் என்னை ‘டேய்’ என்று கூப்பிட உரிமை உள்ளவன் அவன் ஒருவன்தான். நடந்தது வேறு. முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

நான் குரூவா-ரூஸ் மேட்டில் பட்டுத்தறி பழுது பார்த்தவரின் மகன். பிலிபேர் ஜாக்மே என்பது ஞானஸ்நானப் பெயர். படிப்பு வந்தது, பங்குச் சாமியார் சிபாரிசு செய்தார், குருமடத்தில் சேர்த்துவிட்டார்கள். அங்கே என் பக்கத்துப் பெஞ்சில் இருந்தவன் கிளோடியுஸ். ஆயர் பிரசங்கம் செய்வதைப் போலவே நடித்துக் காட்டி, ஆயர் கதவருகே நிற்பதைக் கவனிக்காமல் மாட்டிக்கொண்டு வெளியேற்றப்பட்டான். நான் குருப்பட்டம் வாங்குகிற வருடம் வரை இருந்தேன். குருமட அதிபர் ஒரு நாள் கூப்பிட்டு, “நீ கடவுளுக்கு ஊழியம் பண்ண வரலப்பா. கடவுள் உன்கிட்ட யோசனை கேக்கணும்னு வந்திருக்க” என்றார். அன்றே பெட்டியைக் கட்டினேன். இன்றைக்கும் அந்த வார்த்தை நினைவுக்கு வந்தால் காது சூடாகும்.

அரைச் சாமியாருக்கு எங்கள் ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்? வணிகர் வீட்டுப் பிள்ளைகளுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்து அரை வயிறு கழுவினேன். கிளோடியுஸுக்குச் செயின்ட்-ஜான் வட்டாரத்தில் அவன் மாமாவின் பழைய புத்தகக் கடை கைக்கு வந்திருந்தது. கடைக்கு மேலே அவனும் அவன் அக்கா பெனுவாத்தும் குடியிருந்தார்கள். என்னைச் சாப்பிடக் கூப்பிட்டான். ஒரு நாள் கூப்பிட்டது பல வருடமாக நீண்டது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைத்தேன், ஐயா. தினமும் நினைத்தேன். ஒருவன் சோற்றை வருடக்கணக்கில் தின்றுகொண்டே அதைத் தினமும் நினைப்பது அவ்வளவு சுகமான காரியம் இல்லை.

அந்தக் கடையின் பின்னறையில்தான், பூச்சி அரித்த பழைய மந்திர நூல்களைப் படித்துப் படித்து, எனக்கென்று ஒரு கொள்கை உருவாயிற்று. சுருக்கமாகச் சொல்கிறேன். உலகம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கடல் நிரம்பியிருக்கிறது. நாமெல்லாம் அதில் மீன்கள். ஒரு மீன் வாலை அடித்தால் எங்கோ இருக்கும் இன்னொரு மீனின் உடம்பில் அலை படும். ஆசை, கோபம், பிரார்த்தனை எல்லாமே வாலடிதான். மனத்தைப் பழக்கியவன் தன் அலையை வேண்டிய ஆளுக்கு அனுப்பலாம். அதைக் கொண்டு குணப்படுத்தலாம், நோயும் கொடுக்கலாம். மெழுகுப் பொம்மை, ஊசி, தூபம் இதெல்லாம் வெறும் முகவரி. வேலை செய்வது சித்தம்.

இதை ‘காணாக் கடல்’ என்று புத்தகமாக எழுதினேன். அச்சுப் போட்டவன் கிளோடியுஸ். ஜாக்மே என்ற பெயரில் மந்திர நூல் வந்தால் எவன் வாங்குவான் என்று கேட்டவனும் அவன்தான். எபிரேயத்தில் தேடி அசரியேல் என்று வைத்துக்கொண்டேன். “செருப்புக் கடைக்காரன் மாதிரி இருந்த பேரு போயி, வானதூதன் பேரு வந்திருச்சு. விலையை ஏத்திடலாம்” என்றான். என் நூலில் ஒரு வரியையும் அவன் நம்பவில்லை. ஏன் போடுகிறாய் என்று கேட்டால், விற்பது தன் வேலை, நம்புவது வாங்குகிறவன் வேலை என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். நானும் சிரிப்பேன்.

வியாழக்கிழமை மாலைகளில் பின்னறையில் கூடுவோம். தொர்வால் என்ற பல் வைத்தியர் வருவார். பட்டு வியாபாரியின் விதவை திருமதி ரிவுவார், செத்த கணவரோடு பேசும் ஆசையில் வருவார். இன்னும் சிலர். பெனுவாத் அக்கா வறுத்த கஷ்கொட்டையும் ஒயினும் கொண்டுவந்து வைப்பாள். “பேயெல்லாம் வந்து போனதும் தட்டைக் கீழ வெச்சிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்த அறையில் நான் பேசும்போது யாரும் இருமக்கூட மாட்டார்கள். வாரத்தில் அந்த ஒரு பொழுதுக்காகத்தான் நான் உயிர் வாழ்ந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

சென்ற இலையுதிர் காலத்தில் என் இரண்டாவது நூல் வந்தது. அதில் ஒரு படி மேலே போய், பழகிய சித்தம் தூரத்திலிருந்தே ஒரு இதயத்தை நிறுத்த முடியும் என்று எழுதிவிட்டேன். எழுதும்போது அது அழகான வாக்கியமாக இருந்தது. ஒரு பத்திரிகை அதை எடுத்துப் போட்டுக் கேலி செய்தது. புத்தகம் கடையில் தூங்கியது. அடுத்த வியாழக்கிழமை தொர்வால் ஒயினைச் சுழற்றிக்கொண்டே, “ஒரு ஆளை வெச்சுச் செஞ்சு காட்டுங்களேன், குருவே. ஆடு, கோழியெல்லாம் வேணாம். மனுஷன்” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 

“அதுக்கென்ன, நான் இருக்கேன்ல” என்றான் கிளோடியுஸ், தட்டிலிருந்து கஷ்கொட்டையை உரித்தபடி. “என்னைக் கொல்லட்டும். இந்த ஊர்ல வேற எவன் ஓசியில கிடைப்பான்?”

அறையே சிரித்தது. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். அதை அப்போதே நான் அறிவேன். ஆனால் திருமதி ரிவுவார் சிரிக்கவில்லை. எப்போது என்று கேட்டார். டிசம்பர் எட்டு, மாதா பண்டிகை என்று சொன்னேன். அன்று மாலை எங்கள் ஊரில் விளக்கு வைக்காத சன்னல் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த விளக்குகளைக் கிளோடியுஸ் பார்க்க மாட்டான் என்று என் வாயால் சொன்னேன்.

மெழுகில் பொம்மை செய்தோம். எங்கள் முறைப்படி, யாரைக் குறித்துச் செய்கிறோமோ அவர் பெயரில் பொம்மைக்கு ஞானஸ்நானம் செய்ய வேண்டும். ஞானத்தாயாகத் திருமதி ரிவுவார் நின்றார். ஞானத்தகப்பனாக நிற்க எவனுக்கும் தைரியம் இல்லை, கிளோடியுஸே நின்றான். தன் தலைமுடியைத் தானே கத்தரித்துக் கொடுத்து, சூப்புக் கரண்டியில் தண்ணீர் பிடித்து, “பாவம், அப்பனை உரிச்சு வெச்சிருக்கு” என்றான். பெனுவாத் அக்கா மட்டும் முகத்தைச் சுளித்தாள். ஞானஸ்நானத்தோடு விளையாடக் கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அவன் சாக வேண்டும் என்று விரும்பினேனா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இல்லை. அவனுக்கு உடம்பு கொஞ்சம் படுத்தினால் போதும், எல்லோர் முன்னாலும் மன்னித்து எழுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு காய்ச்சல். ஒரு பல்வலியாவது.

வீட்டில் உபவாசம் இருந்தேன். பொம்மையின் நெஞ்சில் ஊசியைக் குத்தி, அதன் முன் உட்கார்ந்து சித்தத்தைக் குவித்தேன். முட்டி வீங்கியது, எனக்கு. கிளோடியுஸ் குண்டுக்கல்லாக இருந்தான். நவம்பர் பனியில் குடையில்லாமல் சோன் ஆற்றங்கரையில் நடந்தான், தும்மக்கூட இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சந்தையில் காய்கறிக்காரி என்னை நிறுத்தி, “என்னங்கய்யா, இன்னும் நடமாடிக்கிட்டு இருக்காரே?” என்று விசாரித்தாள். தொர்வால் வியாழக்கிழமைதோறும் கிளோடியுஸின் நாடியைப் பிடித்துப் பார்த்து, அதை ஒரு வேடிக்கையாக்கிவிட்டார். நான் கூனிக் குறுகிப்போனேன். சந்து வழியாக வீட்டுக்குப் போகப் பழகினேன்.

அப்போதுதான் கிளோடியுஸ் படுத்துவிட்டான் என்று செய்தி வந்தது. கடையைத் திறக்கவில்லை, நெஞ்சில் ஊசி குத்துவது போல வலி என்கிறான், யாரையும் பார்க்க மாட்டேன் என்கிறான்.

ஐயா, இதை நான் எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை. எனக்கு வந்தது மகிழ்ச்சி. அறையில் தனியாக நின்று அழுதேன், சந்தோஷத்தில். குருமடத்தில் தோற்றவன், ஓசிச் சோறு தின்றவன், அரைச் சாமியார், இவனெல்லாம் நான் இல்லை. நான் சொன்னது உண்மை, என் வாழ்க்கை வீண் போகவில்லை. சில நாட்கள் அப்படி இருந்தேன். தெருவில் மனிதர்கள் எனக்கு வழி விட்டார்கள். தொர்வால் தொப்பியைக் கழற்றினார். என் நண்பன் வலியில் கிடக்கிறான் என்று நம்பிக்கொண்டே நான் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு அவனைப் பார்க்கப் போனேன். மன்னித்து எழுப்பிவிடலாம் என்றுதான் போனேன். படிக்கட்டில் பெனுவாத் அக்கா எதிர்ப்பட்டாள். “போ தம்பி, உள்ள போய்ப் பாரு உன் நோயாளியை. ரெண்டு பேருக்கும் வயசுதான் ஆச்சு” என்றாள். கதவைத் திறந்தேன். கிளோடியுஸ் தலையணைகளில் சாய்ந்து, மடியில் தட்டை வைத்து, சாசேஜும் உருளைக்கிழங்கும் தின்றுகொண்டிருந்தான். தாடையில் எண்ணெய் வழிந்தது.

“கதவைச் சாத்துடா, வாசனை வெளிய போகுது” என்றான்.

நின்றது நின்றபடி நின்றேன். அவன் தட்டை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னான்.

“நீ சந்து வழியாப் போறதைப் பாத்தேன்டா. எனக்கு வயிறு எரிஞ்சுது. அதான் படுத்துட்டேன். பண்டிகை வரைக்கும் முனகிக்கிட்டுக் கிடக்கேன். அன்னைக்குச் சாயங்காலம் நீ எல்லாரையும் கூட்டிட்டு வந்து, பொம்மையில இருந்து ஊசியைப் பிடுங்கு. நான் எழுந்து சன்னல்ல விளக்கு வெச்சுக் கையாட்டுறேன். உன் மானமும் தப்பிச்சுது, புத்தகமும் தீந்துபோகும். ஏற்கெனவே கேட்டு வர ஆரம்பிச்சாச்சு தெரியுமா?”

நல்ல யோசனை என்று சொன்னேன். அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது, எனக்கும் வந்தது. காரணம் மட்டும் வேறு வேறு.

அன்று வீடு திரும்பும்போது நான் யோசித்ததை உள்ளபடி சொல்கிறேன். பசிக்குச் சோறு போட்டான், வாங்கிக்கொண்டேன். புத்தகம் போட்டான், வாங்கிக்கொண்டேன். இப்போது வெற்றியையும் தட்டில் போட்டு நீட்டுகிறான். நான் நிம்மதியாகத் தூங்கிய அந்த நாட்களும் அவன் போட்ட பிச்சைதான். அதோடு, கிளோடியுஸ் வாய் சும்மா இருக்காத ஆள். கெட்ட எண்ணத்தால் அல்ல. நல்ல கதையை அவனால் சொல்லாமல் இருக்க முடியாது. அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ, இரண்டு கோப்பை ஒயின் உள்ளே போனதும், தாடையில் எண்ணெய் வழியத் தான் தின்றதையும் நான் வாசலில் நின்றதையும் நடித்தே காட்டுவான். ஆயரை நடித்தவன் என்னை விடுவானா? அறையே சிரிக்கும். நானும் சிரிக்க வேண்டியிருக்கும்.

என் நெஞ்சுக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து ஒன்று உண்டு. ஏதோ ஊதாப் பூச் செடியின் இலையில் எடுப்பது. குறைவாக எடுத்தால் நெஞ்சுக்கு நல்லது, கூடினால் அதே நெஞ்சை நிறுத்திவிடும் என்று மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு முறையும் எச்சரிப்பார். மறுநாளிலிருந்து கிளோடியுஸுக்கு லிண்டன் பூக் கஷாயம் வைத்து, தேன் நிறைய விட்டு, நானே கொண்டுபோனேன். பார்க்க வருபவர்கள் முன்னால், சூனியம் வைத்தவனே இரக்கப்பட்டுக் கஷாயம் ஊட்டுவது நன்றாகத்தான் இருந்தது. திருமதி ரிவுவார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளோடியுஸ் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எனக்குக் கண்ணடித்தான்.

முதல் நாள் வாந்தி எடுத்தான். படுத்தபடி தின்றதால் செரிக்கவில்லை என்று அவனே சொன்னான். அதற்கடுத்த நாட்களில் சாசேஜை மோந்து பார்த்து ஒதுக்கினான். விளக்கைச் சுற்றி மஞ்சளாகத் தெரிகிறது, சுவர், அக்காவின் முக்காடு எல்லாமே மஞ்சள் என்றான். பெனுவாத் அக்காவிடம் வைத்தியரைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறான். அவள் சிரித்துவிட்டாள். “என்கிட்டயேவா? வேலை மெனக்கெட்டு வந்து பாக்குறவங்ககிட்ட நடி, போ” என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். அவள் மேல் குற்றமில்லை. அவன் எப்போதுமே நன்றாக நடிப்பவன்.

நான் போனபோது அவன் என் கையை இறுகப் பற்றிக்கொண்டான். கை சில்லென்று இருந்தது.

“டேய், இது நடிப்பு இல்லடா.”

“தெரியும்” என்றேன்.

அவன் என்னை வெகுநேரம் பார்த்தான். அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று வந்தது. சிறு வயதிலிருந்து பழகிய முகம், ஐயா. அதில் என்னைப் பற்றிய மரியாதையைத் தவிர மற்ற எல்லாமே பார்த்திருக்கிறேன்.

“அப்ப நீ சொன்னதெல்லாம் நெசமாடா? இத்தனை வருஷமும்? நான் உன்னைக் கேலி பண்ணிட்டேனே” என்றான். “மன்னிச்சிருடா. அந்த ஊசியை எடுத்துரு. என்னை விட்டுரு, பிலிபேர்.”

என் வாழ்நாளில் எந்த நூலுக்கும், எந்தக் கூட்டத்திலும் எனக்கு அப்படி ஒரு வாசகன் கிடைத்ததில்லை. ஊசியை எடுத்துவிடுகிறேன், கவலைப்படாதே என்று சொன்னேன். கஷாயம் ஆறிக்கொண்டிருந்தது. தலையைத் தாங்கிப் பிடித்து ஊட்டினேன். அடியில் ஒரு வாய் மட்டும் மிச்சம் வைத்துக் குடித்தான். என் மேல் நம்பிக்கை வைத்துக் குடித்தான். பண்டிகைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அன்று மாலையே இறந்துபோனான்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கோப்பையில் மீந்த கஷாயத்தைப் பெனுவாத் அக்கா, வீணாக்க வேண்டாம் என்று குடித்திருக்கிறாள். தலை சுற்றி விழுந்து, பிழைத்து எழுந்ததும் கோப்பையை எடுத்துக்கொண்டு நேரே மருந்துக்கடைக்குப் போயிருக்கிறாள். கெட்டிக்காரி. உங்கள் முன்னால் வந்தபோதும் என்னைத் திட்டவில்லையாமே. “நான் சிரிச்சேன்யா, அவன் கேட்டப்ப நான் சிரிச்சேன்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாளாமே.  தப்பு அவள் மேல் இல்லை என்று என் சார்பில் சொல்லிவிடுங்கள்.

புத்தகம் தீர்ந்துபோயிற்று. மறுபடி அச்சாகிறது. என் வீட்டு வாசலில் ஒரு மாது, கணவனின் தலைமுடியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நிற்கிறாள் என்று உங்கள் காவலர் சொன்னார். நேற்று நீங்கள் கேட்டீர்கள்: இவ்வளவு அமைதியாகப் பேசுகிறாயே, வெட்கமாக இல்லையா என்று. இருக்கிறது. சோறு போட்டவனைக் கொன்றேன். அதற்குத் தலையைக் கொடுக்கிறேன், எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள். ஆனால் நீங்கள் படித்தவர், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடைசியில் அவன் நம்பிவிட்டான். நம்பிய நெஞ்சில் அலை படாமல் போகாது என்று என் நூலிலேயே எழுதியிருக்கிறேன். எல்லாம் நான் சொன்னபடிதான் நடந்துகொண்டிருந்தது. நான்தான் என் சொல்லை நானே நம்பாமல், அற்பனைப் போல, ஒரு மருந்துப் புட்டியைத் தேடிப் போனேன். அந்த அவசரத்தை நினைத்தால்தான், ஐயா, என்னால் தலை நிமிர முடியவில்லை. இன்னும் நான்கு நாள் பொறுத்திருந்தால் அவன் தானாகவே செத்திருப்பான்.